வயர்லெஸ் மேலாண்மை மென்பொருளில் புது வசதிகள்: எதை உடனே தொடலாம், எதைச் சோதித்துத் தொடலாம்

வைஃபையை ஒளிபரப்பும் கருவியான ஆக்சஸ் பாயின்ட் பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து நடத்தும் கன்ட்ரோலர் மென்பொருள் இன்றைக்குச் சர்வசாதாரணம். யூனிஃபை, ஓமாடா, மெராக்கி, அரூபா சென்ட்ரல், திறந்த மூலத்தில் ஓப்பன்விஸ்ப் என்று பெயர்கள்தான் வேறு வேறு. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் நாலைந்து புது ஆன்-ஆஃப் அமைப்புகளும் கூடவே வருகின்றன. வேகமான ரோமிங், பேண்ட் ஸ்டீயரிங், தானியங்கி சேனல், மல்ட்டி-லிங்க் என்று பெயரைப் படித்தால் எதையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. நெட்வொர்க் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஆன் செய்கிறார். அடுத்த வாரம் பிரின்டர் இணையவில்லை, மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்று புகார்கள் வரிசை கட்டுகின்றன. எந்த மாற்றத்தால் எது கெட்டது என்று அப்போது கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான். எந்தப் புது வசதியைப் பார்த்தாலும், இது வேலை செய்ய யாருடைய ஒத்துழைப்பு தேவை என்று முதலில் கேளுங்கள். சில வசதிகள் பார்ப்பதற்கு மட்டுமே: வரைபடம், புள்ளிவிவரம், கிளையன்ட் (வைஃபையில் சேரும் சாதனம்) வரலாறு போன்றவை. இவற்றால் யாருக்கும் தொல்லை இல்லை. சிலவற்றில் ஆக்சஸ் பாயின்ட் தானே முடிவெடுக்கிறது: சேனல், பவர், சேனல் அகலம். இவற்றை அளவு பார்த்துக் கவனமாக மாற்றலாம். மூன்றாவது வகை, ஃபோனும் லேப்டாப்பும் பிரின்டரும் சம்மதித்தால்தான் நடக்கும்: ரோமிங் (ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது), டபிள்யூபிஏ3 (வைஃபை பாதுகாப்பு முறை), மல்ட்டி-லிங்க் (ஒரே சமயத்தில் இரண்டு அலைவரிசையில் சேர்வது). உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத நூற்றுக்கணக்கான சாதனங்கள் இங்கே நடுவில் வருகின்றன. கீழே உள்ள படிகளும் இதே வரிசையில்தான் போகின்றன.

அப்டேட் பொத்தானை அழுத்தும் முன்

பேக்கப் எடுங்கள், எடுத்த கோப்பை உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். கன்ட்ரோலருக்குள்ளேயே கிடக்கும் பேக்கப், அந்தக் கன்ட்ரோலர் கெட்டுப்போனால் உதவாது. இன்னொன்று, புதுப் பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது என்பதுதான் பொதுவான நிலை. ஆகவே பின்வாங்க வேண்டிய நிலை வந்தால் கைகொடுப்பது அப்டேட்டுக்கு முன் எடுத்த கோப்பு மட்டுமே. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது ரிலீஸ் நோட்ஸ். எல்லோரும் புதிய வசதிகள் என்ற பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டியது தெரிந்த குறைபாடுகள், கைவிடப்பட்ட மாடல்கள் என்ற இரண்டு பகுதிகளை. உங்களிடம் இருக்கும் பழைய ஆக்சஸ் பாயின்ட் ஒன்று புதுக் கன்ட்ரோலரின் ஆதரவுப் பட்டியலிலிருந்து விழுந்திருந்தால் அது அங்கேதான் தெரியும்.

வரிசை இப்படி: முதலில் கன்ட்ரோலர், அப்புறம் ஒரே ஒரு ஆக்சஸ் பாயின்ட்டின் ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்), ஒரு முழு வேலை நாள் கழித்து மற்றவை. அந்த ஒரு ஆக்சஸ் பாயின்ட் ஓரளவு கூட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். யாரும் வராத ஸ்டோர் ரூமில் சோதித்தால் எதுவும் தெரியவராது. ஃபர்ம்வேர் தானாக ஏறும் வசதி இருந்தால், நேரத்தை ஆள் நடமாட்டம் இல்லாத வேளைக்கு மாற்றுங்கள், எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் ஆகாதபடி குழுக்களாகப் பிரியுங்கள்.

கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும்போது வைஃபை நின்றுவிடுமோ என்ற பயம் புதியவர்களுக்கு இருக்கும். இந்த வகை மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் நிற்காது. கடைசியாக வாங்கிய அமைப்பை வைத்துக்கொண்டு ஆக்சஸ் பாயின்ட் தன் வேலையைத் தொடரும். விருந்தினர் லாகின் பக்கமும் புள்ளிவிவரச் சேகரிப்பும்தான் அந்த நேரத்தில் நிற்கும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை வெளியானபோது, அந்த நூலகத்தைப் பயன்படுத்திய யூனிஃபை கன்ட்ரோலரும் அதில் மாட்டியது. உடனே திருத்தப் பதிப்பும் வந்தது. பாதுகாப்புத் திருத்தம் என்று குறித்திருந்தால் காத்திருக்க வேண்டாம். புது வசதிக்கான பதிப்பு என்றால் சில வாரம் பொறுத்தே ஏற்றுங்கள். கன்ட்ரோலரின் லாகின் பக்கத்தை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து நுழைய வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள், நிர்வாகி கணக்குக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள்.

முதல் வாரம் பார்ப்பது மட்டும்

புதுப் பதிப்பு ஏறியதும் எதையும் மாற்றாமல் ஒரு வாரம் பாருங்கள். அந்த வார எண்கள்தான் பிற்பாடு ஒப்பிடுவதற்கான அளவுகோல்.

டோப்பாலஜி வரைபடத்தில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் எந்த ஸ்விட்ச் போர்ட்டில், என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்று தெரியும். கிகாபிட் போர்ட்டில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் 100 மெகாபிட் என்று காட்டினால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி பிளக்கில் சரியாகப் பொருந்தாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அந்த அறையில் இருப்பவர்கள் வைஃபை மெதுவாக இருக்கிறது என்பார்கள். வைஃபையின் மீது அதில் எந்தத் தப்பும் இருக்காது.

அதே வரைபடத்தில் ஏதாவது ஆக்சஸ் பாயின்ட் புள்ளிக்கோட்டில், அதாவது மெஷ் இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் அறுந்ததும் பல மாடல்கள் தாமாகவே பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டோடு வயர்லெஸ்ஸில் ஒட்டிக்கொள்ளும். இணையம் வந்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ரேடியோ கிளையன்ட்டுக்கும் பேச வேண்டும், பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் பேச வேண்டும் என்பதால் வேகம் பாதியாகக் குறையும். உங்கள் இடத்தில் எல்லாமே கேபிளில்தான் என்றால் மெஷ்ஷை அணைத்துவிடுவது நல்லது.

ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே வரும் மின்சாரத்தையும் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்து போர்ட் தருவது 15.4 வாட், 802.3ஏடி தருவது 30 வாட். புதிய வைஃபை 7 ஆக்சஸ் பாயின்ட்கள் பலவற்றுக்கு 30 வாட் போர்ட் தேவை. குறைந்த போர்ட்டில் செருகினால் அவற்றின் விளக்கு எரியும், அவை இயங்கும், ஆனால் ஒரு ரேடியோவை அணைத்தோ பவரைக் குறைத்தோ ஓடும். மென்பொருள் இதை எங்கோ ஒரு சின்ன மஞ்சள் குறியாகத்தான் காட்டும்.

அடுத்து, ரேடியோ பக்கத்தில் இருக்கும் மூன்று எண்கள். சேனல் பயன்பாடு என்பது அந்த அலைவரிசை எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்ற விழுக்காடு. உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டில் மூன்றே கிளையன்ட் இருக்க, பயன்பாடு மட்டும் 70 விழுக்காடு என்றால் நேரத்தை எடுத்துக்கொள்வது பக்கத்து நெட்வொர்க்குகள். ரீட்ரை விழுக்காடு என்பது ஒருமுறை அனுப்பி எட்டாமல் மறுபடி அனுப்பியவை. கடைசியாக டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) கணக்கில் சிக்னல். இது மைனஸ் எண் என்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது, அவ்வளவுதான். குரல் அழைப்புக்கு மைனஸ் 67 வரை போகலாம் என்பது துறையில் பரவலாக ஏற்ற அளவு. மைனஸ் 75-க்கும் கீழே இறங்கினால் வீடியோ மீட்டிங்கை நம்பி நடத்த முடியாது. ஆனால் சிக்னல் மட்டும் போதாது, பின்னணி இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதும் முக்கியம். சந்தைக்குள் நின்று பேசுகிறவர் குரலை உயர்த்தினாலும் காதில் விழாமல் போவது போலத்தான் இது. 25 டெசிபல் இடைவெளி இருந்தால் நிம்மதி.

ஒரே ஒரு ஃபோனின் கதையைப் படிப்பது எப்படி

புதிய பதிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி கிளையன்ட் டைம்லைன். ஒரு சாதனம் எப்போது வந்தது, எந்த ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து எதற்கு மாறியது, எங்கே தடுக்கி விழுந்தது என்று நேரவாரியாகக் காட்டும். நெட் வரவில்லை என்ற ஒற்றை வரிப் புகாரை இது நாலு தெளிவான படிகளாகப் பிரித்துக்கொடுக்கிறது.

முதல் படி அசோசியேஷன், அதாவது சாதனம் ஆக்சஸ் பாயின்ட்டோடு சேர்வது. இங்கேயே தோற்றால் சாதனத்துக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் அமைப்பு பொருந்தவில்லை. பாதுகாப்பு வகையோ குறைந்தபட்ச வேகமோ ரோமிங் அமைப்போ காரணமாக இருக்கும். இரண்டாம் படி சாவிப் பரிமாற்றம். இங்கே நின்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு தவறு. சாவிப் பரிமாற்றம் டைம்-அவுட் என்று மட்டும் லாகில் எழுதியிருக்கும், பாஸ்வேர்டு தப்பு என்று வெளிப்படையாகச் சொல்லாது, பழகிக்கொள்ளுங்கள். மூன்றாம் படி டிஎச்சிபி, அதாவது சாதனத்துக்கு ஐபி முகவரி தரும் வேலை. ஃபோன் வைஃபையில் சேர்ந்துவிட்டது, ஐபி முகவரி கிடைக்கவில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். முகவரிகள் தீர்ந்திருக்கலாம், இல்லையென்றால் அந்த வைஃபைக்கான விலேன் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) ஸ்விட்ச் போர்ட்டில் அனுமதிக்கப்படாமல் இருக்கலாம். நான்காம் படி டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் வேலை. முகவரி எல்லாம் சரி, பெயர்கள்தான் திறக்கவில்லை. இதற்குப் பிறகும் சிக்கல் என்றால் பார்வையை வைஃபையிலிருந்து வெளி இணைப்புக்குத் திருப்பலாம்.

புகார் வந்ததும் ஆக்சஸ் பாயின்ட்டை ரீஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை இந்த ஒரு திரை மாற்றிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக இருந்த மற்ற முப்பது பேரும் அறுந்துபோவார்கள், காரணமும் கூடவே அழிந்துபோகும்.

டைம்லைன் படிக்கும்போது ஒரு விஷயம் குறுக்கே வரும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் சாதனத்தின் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) மறைத்து ஒரு தற்காலிக முகவரியைக் காட்டத் தொடங்கின. நெட்வொர்க்கை மறக்கச் செய்து மீண்டும் சேரும்போதோ குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகோ சில ஃபோன்களில் இது மாறிவிடும். ஆகவே ஒரே ஃபோன் உங்கள் பட்டியலில் இரண்டு மூன்று பெயரில் நிற்கும். அடையாளம் காண்பது எளிது: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தற்காலிக முகவரி. மேக் முகவரியை வைத்து ஆளைத் தடுப்பது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற பழைய உத்திகளை இனி நம்ப வேண்டாம்.

அப்புறம் ரேடியோ

இரண்டாவது வாரம் ஆக்சஸ் பாயின்ட் தானே முடிவெடுக்கும் விஷயங்களுக்குப் போகலாம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், மாற்றிய நேரத்தோடு ஒரு குறிப்பு. இதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் யோசிக்கவே வேண்டாம்: 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், சேனல் 1, 6, 11. ஒன்றோடொன்று மோதாதவை இந்த மூன்றுதான். பக்கத்தில் 6 நிரம்பியிருக்கிறது என்று 4-ஐப் போட்டால் 1, 6 என்ற இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும்.

5 கிகாஹெர்ட்ஸில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 80 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டால் வேகச் சோதனையில் பெரிய எண் வரும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அமெரிக்க விதிகளை எடுத்துக்கொண்டால் 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் மொத்தமே ஆறு, அதில் ரேடார் கட்டுப்பாடு இல்லாதவை இரண்டுதான். பத்து ஆக்சஸ் பாயின்ட் உள்ள தளத்தில் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு முறை காத்து நிற்கும். தவிர, அகலத்தை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் இரைச்சல் 3 டெசிபல் கூடுகிறது. ஆட்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் 40, மிக நெருக்கமான அரங்கத்தில் 20 என்று வையுங்கள். ஒரு ஆள் பெறும் உச்ச வேகம் குறையும், எல்லோரும் சேர்ந்து பெறும் வேகம் கூடும்.

52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடாருக்குத்தான் முன்னுரிமை. ஆக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் பகுதியில் இது 10 நிமிடம். இயங்கிக்கொண்டிருக்கும்போது ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் வெளியேற வேண்டும், அரை மணி நேரத்துக்குத் திரும்பி வரக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட் ரீஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸ் காணாமல் போகிறதென்றால் பழுது என்று பதறாதீர்கள். ரேடார் நிகழ்வுகள் லாகில் வாரம் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் தினமும் வந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் அந்தச் சேனல்களை விலக்குங்கள், மொத்தத் தளத்துக்கும் விலக்கிவிடாதீர்கள்.

தானியங்கி சேனல் தேர்வு முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று முத்திரை குத்தி வருபவையும் அடிப்படையில் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுகளின் சிக்னலையும் சேனல் பயன்பாட்டையும் எடைபோட்டுத்தான் சேனலைப் பிரித்துக்கொடுக்கின்றன. இதைப் பயன்படுத்துங்கள், ஆனால் பகலில் ஓட விடாதீர்கள். சேனல் மாறும் கணத்தில் கிளையன்ட்டுகள் அறுந்து சேரும். இரவில் ஓடவிட்டு, காலையில் என்ன மாற்றியிருக்கிறது என்று பாருங்கள். சில நாள் நல்ல முடிவு நிலைத்தால் அதையே பூட்டிவிடலாம். ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் என்ற பொத்தானும் அப்படித்தான். தனி ஸ்கேனிங் ரேடியோ இல்லாத மாடல்களில் ஸ்கேன் முடியும் வரை சேவை தடைபடும்.

பவரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றிப்போயிருக்கிறது: கூட்டினால் நல்லது என்று. ஃபோனின் பவர் ஆக்சஸ் பாயின்ட்டைவிடக் குறைவு. ஆக்சஸ் பாயின்ட் உரக்கப் பேசினால் ஃபோனில் கட்டங்கள் நிறையத் தெரியும், ஃபோன் பதில் சொல்வதுதான் இந்தப் பக்கம் எட்டாது. 5 கிகாஹெர்ட்ஸில் நடுத்தரமாக வைத்து, 2.4-ஐ அதைவிட 6 டெசிபல் போலக் குறையுங்கள். 2.4-இன் அலை இயல்பாகவே அதிக தூரம் போகும் என்பதால் இரண்டும் ஓரளவு ஒரே பரப்பளவுக்கு வரும். சாதனங்களை 2.4-இலிருந்து 5-க்குத் தள்ளும் பேண்ட் ஸ்டீயரிங் என்ற வசதி செய்ய முயலும் வேலையில் பாதியை இந்த ஒரு மாற்றமே செய்துவிடும்.

ஆக்சஸ் பாயின்ட் தன் ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (வைஃபை பெயருக்கும்) நொடிக்குக் கிட்டத்தட்ட பத்து முறை பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்புகிறது, அதுவும் அனுமதித்ததில் குறைந்த வேகத்தில். ஏழெட்டு எஸ்எஸ்ஐடி, 1 மெகாபிட் குறைந்தபட்ச வேகம் என்று வைத்தால் யாரும் எதையும் பயன்படுத்தாமலே காற்றின் கணிசமான நேரம் கரைந்துவிடும். எஸ்எஸ்ஐடியை மூன்றுக்குள் அடக்குங்கள். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டுக்கு உயர்த்தினால் 1, 2, 5.5, 11 என்ற பழைய வேகங்களோடு 802.11பி மட்டும் தெரிந்த சாதனங்களும் வெளியேறும். பழைய பார்கோடு ஸ்கேனர், பழைய எடைக்கருவி எதுவும் உங்களிடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டே உயர்த்துங்கள்.

எஸ்எஸ்ஐடியைக் குறைத்தால் துறைகளைப் பிரிப்பது எப்படி? அதற்குத்தான் ஒரே எஸ்எஸ்ஐடியில் பல பாஸ்வேர்டு என்ற வசதி. ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் ஒரு விலேன். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, விடுதியென்றால் அறைக்கு ஒன்று. ஒருவர் போய்விட்டால் அவருடைய பாஸ்வேர்டை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். சமீப வருடங்களில் சிறிய நிறுவனங்களுக்கு வந்த வசதிகளிலேயே இதுதான் அதிகம் பயன்படக்கூடியது என்பது என் எண்ணம். ஒரு தடை உண்டு. பல மென்பொருள்களில் இது டபிள்யூபிஏ2-உடன் மட்டுமே இயங்குகிறது. அப்படியானால் 6 கிகாஹெர்ட்ஸில் இதைக் கொண்டுபோக முடியாது.

சாதனங்களின் சம்மதம் தேவைப்படும் வசதிகள்

இனி மூன்றாவது வகை. இதற்கென்று ஒரு சோதனை எஸ்எஸ்ஐடி உருவாக்கி ஒன்றிரண்டு ஆக்சஸ் பாயின்ட்டில் மட்டும் ஒளிபரப்புங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு வகைச் சாதனத்திலும் ஒன்றை அதில் சேர்த்துப் பாருங்கள். மிகப் பழைய பிரின்டரை மறக்காதீர்கள்.

ரோமிங்கில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது சாதனம்தான், கன்ட்ரோலர் அல்ல. 802.11கே அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுகளின் பட்டியலைச் சாதனத்துக்குக் கொடுக்கிறது. 802.11வி, அங்கே போனால் உனக்கு நல்லது என்று யோசனை சொல்கிறது. இரண்டும் யோசனை என்ற அளவில் நிற்பதால் பெரிய ஆபத்து இல்லை, முதலில் இவற்றை ஆன் செய்யலாம். 802.11ஆர் வேறு ரகம். மாறும்போது முழு அடையாளச் சரிபார்ப்பையும் மறுபடி செய்யாமல் சாவியை முன்கூட்டியே தயாராக வைக்கிறது. ரேடியஸ் சர்வர் வழியாக ஒவ்வொருவரும் தனிப்பெயரில் லாகின் செய்யும் நிறுவன நெட்வொர்க்கில் இதன் பலன் பெரியது, குரல் அழைப்பில் உடனே தெரியும். வெறும் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் மிச்சமாகும் நேரம் சொற்பம். ஆனால் சில பழைய சாதனங்கள் இந்த அறிவிப்பைக் கண்டதும் நெட்வொர்க்கில் சேரவே மறுக்கும். ஆகவே பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் அவசரப்பட்டு இதைப் போட வேண்டாம்.

குறைந்தபட்ச சிக்னல் என்றொரு அமைப்பு உண்டு. சிக்னல் ஒரு எல்லைக்குக் கீழே போன சாதனத்தை ஆக்சஸ் பாயின்ட் வெளியே தள்ளிவிடும். தூரத்து ஆக்சஸ் பாயின்ட்டையே பிடித்துத் தொங்கும் லேப்டாப்புக்கு இது மருந்து. ஆனால் போக வேறு நல்ல ஆக்சஸ் பாயின்ட் இல்லாத மூலையில் இருப்பவர் தள்ளப்பட்டு, மறுபடி சேர்ந்து, மறுபடி தள்ளப்பட்டுக்கொண்டே இருப்பார். மைனஸ் 80-இல் தொடங்கி, டைம்லைனில் அதே சாதனம் திரும்பத் திரும்ப வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே படிப்படியாக உயர்த்துங்கள்.

சோதிப்பது எப்படி? லேப்டாப்பிலிருந்து கேட்வேக்கு, அதாவது ரவுட்டருக்கு, தொடர் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) ஓட விடுங்கள், ஃபோனில் ஒரு குரல் அழைப்பைத் தொடங்குங்கள், கட்டிடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இயல்பான நடையில் போய் வாருங்கள். மாறும் இடத்தில் ஒன்றிரண்டு பிங் தவறினால் பிரச்சினை இல்லை. ஐந்தாறு தொடர்ந்து தவறி, குரலும் அறுந்தால் அந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு டைம்லைனில் அதே நிமிடத்தைத் திறந்து பாருங்கள். சாதனம் எந்தச் சிக்னல் வரை பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது அங்கே இருக்கும்.

டபிள்யூபிஏ3 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டபிள்யூபிஏ2-இன் சாவிப் பரிமாற்றத்தில் கிராக் என்ற தாக்குதல் வெளியாகியிருந்தது. டபிள்யூபிஏ3-இன் பெரிய லாபம், ஒருவர் காற்றில் போவதைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஓட்டிப் பார்க்க முடியாது என்பது. பழைய சாதனங்களும் சேரும்படி இரண்டையும் கலந்த இடைக்கால நிலை ஒன்று மென்பொருளில் இருக்கும். பெரும்பாலோருக்கு அது போதும். சில மலிவான ஸ்மார்ட் பல்புகளும் கேமராக்களும் அதைக்கூட ஏற்காது. அவற்றை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒளிபரப்பாகும் தனி டபிள்யூபிஏ2 எஸ்எஸ்ஐடியில், தனி விலேனில் ஒதுக்கிவிடுங்கள்.

விருந்தினர் நெட்வொர்க்கில் கிளையன்ட் ஐசொலேஷனை ஆன் செய்யுங்கள். ஒருவர் ஃபோன் இன்னொருவர் லேப்டாப்பைப் பார்க்காது. அதே காரணத்தால் ஃபோனிலிருந்து டிவிக்கு அனுப்புவதும் அங்கே நடக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிஎச்சிபியில் லீஸ் நேரத்தை, அதாவது ஒரு சாதனத்துக்கு ஒரு முகவரி ஒதுக்கியிருக்கும் காலத்தை, சில மணி நேரமாகக் குறையுங்கள். சாதாரண 24 பிட் சப்நெட்டில் சுமார் 250 முகவரிதான் உண்டு. வந்து போகிறவர்களின் ஃபோன்களும் மாறிக்கொண்டே இருக்கும் மேக் முகவரிகளும் சேர்ந்து, ஒரு நாள் லீஸில் அதை மதியத்துக்குள் காலி செய்துவிடும்.

அறிவிப்புகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிடுங்கள். ஆக்சஸ் பாயின்ட் துண்டிப்பு, டிஎச்சிபி தோல்வி, நிர்வாகி லாகின், உங்கள் எஸ்எஸ்ஐடி பெயரிலேயே ஒளிபரப்பும் அந்நிய ஆக்சஸ் பாயின்ட் இவை மட்டும் ஃபோனுக்கு வரட்டும். ஐம்பது அறிவிப்பு வரும் இடத்தில் முக்கியமான ஒன்று கண்ணில் படாது.

6 கிகாஹெர்ட்ஸும் வைஃபை 7-உம்

6 கிகாஹெர்ட்ஸ் பட்டையை அமெரிக்கா 2020-இல் திறந்தது, 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும். ஐரோப்பா அதன் கீழ்ப்பகுதியை மட்டும், சுமார் 500 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் திறந்தது. கன்ட்ரோலரில் நாடு என்ற அமைப்பு சரியாக இருந்தால்தான் சரியான சேனல்கள் தெரியும். அதிகச் சேனலுக்காக வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பது சட்டப்படி தவறு. அந்த அலைவரிசையில் உங்கள் நாட்டில் வேறு சேவை இயங்கிக்கொண்டிருக்கும். 6 கிகாஹெர்ட்ஸில் பழைய சாதனங்களே கிடையாது என்பதால் காற்று சுத்தமாக இருக்கும். 80 மெகாஹெர்ட்ஸைத் தயங்காமல் போடலாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கென்றால் மறையாக்கம் செய்யும் என்ஹான்ஸ்டு ஓப்பன். இடைக்கால நிலைக்கு இங்கே இடமில்லை.

வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் விளம்பரத்தில் முன்னால் நிற்கிறது. ஐரோப்பிய அளவு பட்டையில் அப்படி ஒரே ஒரு சேனல்தான் வைக்க முடியும் என்பதால் பல ஆக்சஸ் பாயின்ட் உள்ள இடத்தில் அதை மறந்துவிடலாம். கவனிக்க வேண்டியது மல்ட்டி-லிங்க். ஒரே சாதனம் 5-இலும் 6-இலும் ஒரே இணைப்பாகச் சேர்ந்து, ஒன்று நெரிசலானால் மற்றதில் போகும். தாமதம் குறைவதுதான் இதன் உண்மையான பலன். ஆனால் கிளையன்ட் பக்கத்து டிரைவர்கள் இன்னும் பக்குவப்பட்டு வருகின்றன. பொதுவான எஸ்எஸ்ஐடியில் இதை ஆன் செய்தால் சில பழைய லேப்டாப்புகள் சேரத் திணறும்.

இதற்கு மட்டும் தனி எஸ்எஸ்ஐடி வையுங்கள். வைஃபை 7 ஃபோனும் லேப்டாப்பும் வைத்திருப்பவர்களை மட்டும் அதில் சேருங்கள், இரண்டு வாரம் டைம்லைனில் அவர்களுடைய துண்டிப்புகளை எண்ணுங்கள். பழைய எஸ்எஸ்ஐடியில் அதே ஆட்களுக்கு முதல் வாரம் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் அடுத்த தளத்துக்கு விரியுங்கள். கூடியிருந்தால் அந்த எஸ்எஸ்ஐடியில் மல்ட்டி-லிங்க்கை அணைத்து, 6 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, சாதனங்களின் அடுத்த டிரைவர் அப்டேட் வந்ததும் இதே சோதனையை மறுபடி நடத்துங்கள்.